காரணம் பிடிபடாத முழங்கால் வலி: இளம் வயதினருக்கான வழிகாட்டி

இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு மாதக்கணக்கில் முழங்கால் வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இரத்தப் பரிசோதனையும் ஆயிற்று, எம்.ஆர்.ஐ. வரை போய்ப் பார்த்தாயிற்று. எல்லா அறிக்கைகளும் இயல்பாக இருப்பதாகவே சொல்கின்றன; படியிறங்கும்போது வரும் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. "இந்த வயதிலேயே மூட்டு வலியா?" என்ற கேள்வியை வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்டுக் கேட்டு, தனக்கு உண்மையாகவே வலிக்கிறதா என்ற ஐயம் அவருக்கே வந்துவிடுகிறது. இந்த நிலையில் நானும் பல ஆண்டுகளாக இருந்துவருவதால், முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: காரணத்தைத் தேடுவதும் வலியோடு வாழப் பழகுவதும் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று செய்யக்கூடிய வேலைகள் அல்ல. நோயின் பெயர் தெரிந்த பிறகு பயிற்சியைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவரின் தொடைத் தசை அந்தக் காத்திருப்பிலேயே மெலிந்துவிடும். எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம் என்று தேடலைக் கைவிடுபவர், சிகிச்சையுள்ள ஒரு நோயைத் தவறவிடக்கூடும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கக்கூடும். சில நாட்களிலேயே அது குருத்தெலும்பை நிரந்தரமாகச் சிதைத்துவிடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஓய்விலும் தணியாமல் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, முழங்காலுக்குச் சற்று மேலோ கீழோ கையில் தட்டுப்படும் புதிய புடைப்பு, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. எலும்புப் புற்றுநோய் மிக அரிது. ஆனால் வளரிளம் பருவத்தினருக்கும் இளைஞர்களுக்கும் வரும்போது அது முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புகளிலேயே அதிகம் வருகிறது. கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவதும், காலை ஊன்றவே முடியாமல் போவதும் விரைவில் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

இயல்பான அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ., மூட்டுக்குள் மெத்தைபோல் அமைந்த மெனிஸ்கஸ், தசைநார், குருத்தெலும்பு, மூட்டு நீர் ஆகியவற்றைக் காட்டும். ஆனால் அந்தப் படம், நீங்கள் மல்லாந்து படுத்துக் காலை ஏறக்குறைய நீட்டி அசையாமல் வைத்திருக்கும்போது எடுக்கப்படுகிறது. உங்கள் வலியோ முழங்காலை மடக்கி, அதன்மேல் உடலின் பாரத்தை ஏற்றும்போது வருகிறது. ஆகவே இயல்பான அறிக்கைக்குப் பொருள், கிழிசல், எலும்பு முறிவு, கட்டி போன்ற பெரிய கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதே, வலிக்கவில்லை என்பதல்ல.

1998இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். ஸ்காட் டை என்ற அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் தம் சொந்த முழங்கால்களையே சோதனைக்கு உட்படுத்தினார். மூட்டின் உட்பகுதியை மரத்துப்போகச் செய்யாமல், உள்ளே செலுத்திய கருவியால் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டு அழுத்தச் சொல்லி, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று அவரே தெரிவித்தார். முழங்கால் சில்லின் அடியிலுள்ள குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு வலியே தெரியவில்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையும் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டபோது கடுமையாக வலித்தது. குருத்தெலும்பில் வலி நரம்புகள் இல்லை. படத்தில் எல்லோரும் உற்றுப் பார்க்கும் குருத்தெலும்பு வலிக்காத பகுதியாகவும், படத்தில் பெரிதாக எதையும் காட்டாமல் எரிச்சலுற்றிருக்கும் சவ்வு வலியின் இருப்பிடமாகவும் இருக்க முடியும்.

இதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் வலியே இல்லாத 115 பேரின் 230 முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 97 விழுக்காடு முழங்கால்களில் ஏதேனும் ஒரு குறைபாடு தென்பட்டது. அவர்கள் பெரும்பாலும் நடுவயதினர். என்றாலும், அறிக்கையில் "லேசான தேய்மானம்" என்று ஒரு வரி இருந்தால் அதுவே உங்கள் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இளம் வயதினரின் முழங்கால் வலிக்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று, சில்லும் தொடை எலும்பும் உரசும் இடத்தில் எழும் வலி. படியேறி இறங்கும்போதும், குந்தும்போதும், கால்களை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வலிக்கும். இதை உறுதிசெய்ய எந்தப் படமும் தேவையில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு, அவரைக் குந்தச் சொல்லிப் பார்த்து, கையால் தொட்டே மருத்துவர் முடிவுக்கு வர முடியும். "எதுவும் கண்டுபிடிக்கவில்லை" என்று சொல்லப்பட்ட பலரைக் கேட்டால், இதுவரை யாரும் அவர்களைக் குந்தவோ ஒரு படி இறங்கவோ சொல்லிப் பார்த்ததே இல்லை என்று தெரியவரும். என் அனுபவமும் அதுவே. படங்களைப் பார்த்தவர்கள் பலர்; நான் நடந்து காட்டியபோது கவனித்தவர்கள் மிகச் சிலர்.

வலிக்கும் இடத்துக்கு அப்பாலும் தேட வேண்டும்

முழங்கால் வலியின் வேர் இடுப்பு மூட்டில் இருக்கலாம், ஏனெனில் இரண்டுக்கும் சில நரம்புகள் பொதுவானவை. மல்லாந்து படுத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, வேறொருவர் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்தித் தொடையை உட்புறமாகத் திருப்பும்போது கவட்டையிலோ முழங்காலிலோ வலித்தால், இடுப்பு மூட்டையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கீழ்முதுகில் நரம்பு அழுத்தப்பட்டாலும் தொடையின் முன்பகுதியிலும் முழங்காலிலும் வலியோ மரமரப்போ தெரியும்.

காலை விறைப்பு தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. எழுந்தபின் முழங்கால் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, நடமாட நடமாட இளகி, ஓய்வெடுத்தால் மீண்டும் மோசமானால், அது அழற்சி வகை மூட்டு நோயின் போக்கு. 45 வயதுக்கு முன்பே பெரும்பாலும் தொடங்கும் முதுகெலும்பு சார்ந்த மூட்டழற்சி நோய்களில், முடக்குவாதத்துக்கான வழக்கமான இரத்தப் பரிசோதனை எதையும் காட்டாமல் போவது இயல்பு. உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ சொரியாசிஸ், குடல் அழற்சி, திரும்பத் திரும்பக் கண் சிவந்து வலித்தல் ஆகியவை இருந்தால் அதை மருத்துவரிடம் கேளாமலேயே சொல்லுங்கள். மூட்டுவாத நிபுணரைப் பார்க்க அது போதிய காரணம். அடிபடாமலேயே ஒரே முழங்கால் அடிக்கடி நீர் கோத்து வீங்குவதும் இயல்பானதன்று. மூட்டுச் சவ்வே தடித்து வளரும் சில அரிய நோய்கள் இளம் வயதில்தான் அப்படித் தோன்றும்.

மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகும் ஒரு காரணமாகலாம். சுண்டுவிரல் பின்னோக்கிச் செங்குத்தாக வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னே வளைகின்றனவா, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் ஊன்ற முடிகிறதா என்று பார்த்து 9க்கு மதிப்பெண் இடும் பெய்ட்டன் அளவீடு இதற்கென்றே உள்ளது. 5 அல்லது அதற்கு மேல் வந்தால், தசைகளை நீட்டும் பயிற்சியைவிட வலுவாக்கும் பயிற்சியே உங்களுக்குப் பொருந்தும்.

குறிப்பேடு

மருத்துவருக்கு உதவுவதிலும் உங்களுக்கு உதவுவதிலும் குறிப்பேட்டுக்கு இணையானது எதுவுமில்லை என்பது என் உறுதியான கருத்து. "எப்போதும் வலிக்கிறது" என்ற சொற்றொடரிலிருந்து யாராலும் எதையும் கண்டறிய முடியாது. வலியை மட்டும் எழுதாமல், முழங்காலுக்குக் கொடுத்த வேலையையும் மறுநாள் காலை அது இருந்த நிலையையும் சேர்த்து எழுத வேண்டும். வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10 என்று அளந்தால், ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். காலை எழுந்ததும் 2/10, ஐந்து நிமிடம் விறைப்பு. ஏறி இறங்கியது 6 மாடி. மதியம் இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது சில்லுக்குக் கீழே 5/10, பத்து அடி நடந்ததும் குறைந்தது. வீக்கம் இல்லை. இரவில் தூக்கம் கெடவில்லை. புதன் காலை 3/10."

வலியுள்ள இடத்தை ஒரு விரலால் சுட்ட முடிகிறதா, முழங்கால் முழுவதையும் உள்ளங்கையால் பொத்தித்தான் காட்ட முடிகிறதா என்பதையும் எழுதுங்கள். சில்லின் கீழ் முனையில் ஒரே புள்ளி, குதிக்கும்போது வலி என்றால் அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பக்கம் கைகாட்டும். மூட்டின் உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ கோடுபோல வலித்து, காலை ஊன்றித் திரும்பும்போது சுருக்கென்றால் மெனிஸ்கஸைச் சந்தேகிக்க வேண்டும். ஓடத் தொடங்கிச் சிறிது தொலைவு சென்றதும் வெளிப்புறத்தில் எரிச்சலாக வந்தால், தொடையின் வெளிப்புறமாக இறங்கும் பட்டை காரணமாகலாம். வலியில்லாத நெறநெறப்புச் சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். இரண்டு வாரப் பதிவே பெரும்பாலும் ஒரு போக்கைக் காட்டிவிடும். அதன்பின் நாள்தோறும் எழுத வேண்டியதில்லை, ஏனெனில் வலியை ஓயாமல் அளந்துகொண்டிருப்பதும் அதன்மேல் கவனத்தைக் குவித்துவிடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இந்தப் பதிவை ஒரே பக்கமாகச் சுருக்கி, பழைய படங்களின் அறிக்கைகளை மட்டுமல்லாமல் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தொடை வரை எளிதில் மடிக்கக்கூடிய உடையை அணிந்து செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இந்தப் பரிசோதனைகளால் எந்தெந்த நோய்கள் இல்லை என்று உறுதியாகியிருக்கின்றன? இன்னும் எவற்றை விலக்கவில்லை? எந்த மாற்றம் வந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்? "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்புவதற்கும், எவையெல்லாம் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வலியை நம்ப மறுக்கும் மருத்துவரிடம் வாதாடிக் களைத்துப்போக வேண்டாம்; வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைப் பாதித்து, வேறெந்த நோயாலும் விளக்க முடியாத வலியை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு தனியொரு நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

முழங்காலின் எல்லையை அறிதல்

தம் முழங்கால்களையே சோதித்த அதே ஸ்காட் டை, ஒவ்வொரு முழங்காலுக்கும் தாங்குதிறனின் எல்லை ஒன்று உண்டு என்றும், அந்த எல்லைக்குள் இருக்கும்வரை மூட்டுத் திசுக்கள் சமநிலையில் இருக்கும் என்றும் விளக்கினார். எரிச்சலுற்ற முழங்காலில் அந்த எல்லை சுருங்கிவிடுகிறது. நேற்றுவரை எளிதாக இருந்த படிக்கட்டு இன்று எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. வலி பொறுத்துக்கொண்டே நடந்தால் எல்லை மேலும் சுருங்கும். முற்றிலும் படுத்துவிட்டாலும் தசை மெலிந்து அதுவே நடக்கும். எல்லையின் விளிம்பைத் தொட்டு, தாண்டாமல் திரும்பி, அதைச் சிறுகச் சிறுக விரிப்பதே செய்ய வேண்டியது.

சமதளத்தில் நடக்கும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே ஏற்படும் அழுத்தம் ஏறத்தாழ உடல் எடையில் பாதி. படிக்கட்டில் அது உடல் எடையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டும். ஆழமாகக் குந்தும்போது ஏழு மடங்கு அளவுக்கும் போகும். நெடுந்தொலைவு நடக்க முடிந்தவருக்கு ஒரு மாடி இறங்க முடியாமல் போவதில் முரண்பாடு எதுவும் இல்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எல்லையை அறிய இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் விதி எளிமையானது. ஒரு வேலையின்போது வலி 10க்கு 2 வரை இருந்தால் தயங்காமல் தொடரலாம். 5 வரை ஏறினாலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் ஏற்கத்தக்கது. அதைத் தாண்டினாலோ, மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ, வீங்கினாலோ, அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். அந்த வேலையையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. நல்ல நாளில் சேர்த்துவைத்த வேலையையெல்லாம் முடித்துவிடத் துடிப்பதும், அதன்பின் மூன்று நாள் படுத்துக்கிடப்பதும் இந்த வலியுள்ளவர்களிடம் பரவலாகக் காணப்படும் சுழற்சி. இதை உடைக்க, நல்ல நாளின் அளவைச் சராசரி நாளின் அளவுக்கே கட்டுப்படுத்த வேண்டும். இது கேட்பதற்கு எளிது. கடைப்பிடிப்பதற்கு மிகக் கடினம்.

பயிற்சி

காரணம் தெரியாத நிலையிலும், மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லையென்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால், வலுவூட்டும் பயிற்சி செய்வது பாதுகாப்பானது. முழங்காலைச் சுற்றிய தசைகளோடு இடுப்புத் தசைகளையும் சேர்த்து வலுவாக்குவது, முழங்காலுக்கு மட்டும் பயிற்சி தருவதைவிட நல்ல பலன் தருகிறது.

வலி மிகுந்த கட்டத்தில், சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, தொடையின் முன்தசையை இறுக்கி அந்தத் துண்டைக் கீழே அழுத்தி 5 நொடி நிறுத்தி விடுங்கள், 10 முறை. அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றக் காலை மடக்காமல் ஓரடி உயரத்துக்குத் தூக்கி மெல்ல இறக்குங்கள். மல்லாந்து இரு முழங்கால்களையும் மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவதும் இந்தக் கட்டத்திலேயே செய்யலாம்.

ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியைப் பெரும்பாலோர் தவறாகச் செய்கிறார்கள். கால் உயரும்போது இடுப்பு பின்னால் சாய்ந்துவிட்டால், தொடையின் முன்பக்கத் தசையே வேலையை எடுத்துக்கொள்ளும். முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்து, மேல்காலின் குதிகால் சுவரை உரசியபடியே மேலேறி இறங்குமாறு தூக்குங்கள். விரல்கள் மேல்நோக்கித் திரும்பாமல் முன்னோக்கியே இருக்கட்டும். சரியாகச் செய்தால் இடுப்பின் பக்கவாட்டில், கால்சட்டைப் பைக்குச் சற்றுப் பின்னால் களைப்பு தெரியும். தொடையின் முன்னால் தெரிந்தால் உடல் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

வலி சற்று அடங்கியபின் நின்று செய்யும் பயிற்சிகளுக்கு வரலாம். இவற்றில் முழங்காலை 45 பாகைக்கு மேல் மடக்காதவரை சில்லின்மேல் அழுத்தம் குறைவாகவே இருக்கும். ஆகவே சுவரில் முதுகைச் சாய்த்து அந்த அளவுக்குள்ளேயே இறங்கி நில்லுங்கள். பிறகு தாழ்வான படியொன்றில் ஒரு காலால் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கி ஏறுங்கள். கண்ணாடிமுன் செய்வது நல்லது. முழங்கால் உள்ளே சாயாமல் இரண்டாம் கால்விரலின் திசையிலேயே செல்ல வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஆறு வாரங்களுக்கு முன் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று மாதம் தொடர்ந்து செய்தபின்தான் பயிற்சி பலன் தருகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியும். ஓடுபவர்கள், வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால், ஒவ்வோர் அடியும் சிறிதாகி முழங்காலின் சுமை குறையும்.

அன்றாடம்

வலி மிகுந்த நாளில் படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும்; இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்க வேண்டும். மற்ற நாட்களில் வழக்கம்போல் மாறி மாறியே ஏறுங்கள். உடலைச் சற்று முன்னே சாய்த்தால் இடுப்புத் தசைகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். உட்காரும்போது முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்று விரிந்திருக்குமாறு இருக்கையை உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள். திரையரங்கிலும் நீண்ட பயணத்திலும் நடைவழி ஓரத்து இருக்கையே உங்களுக்கு உரியது. ஒருக்களித்து உறங்குபவர் முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். சில்லை நிலைப்படுத்தும் ஒட்டுப்பட்டையும் முழங்கால் உறையும் பயிற்சி செய்ய உதவும் தற்காலிகத் துணைகள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சல் மருந்துகளிலும் அது கலந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். மேலே தடவும் களிம்பு வடிவம் அதைவிடப் பாதுகாப்பானது. காரணம் தெரியாத நிலையில் "உள்ளே துளையிட்டுப் பார்த்துவிடலாம்" என்று சொல்லப்படும் அறுவைக்கு எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2002இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தைத்தார்கள். உண்மையான நுண்துளை அறுவை பெற்றவர்கள் அவர்களைவிட எவ்விதத்திலும் மேலாக இல்லை. அது தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு என்றாலும், எதைச் சரிசெய்யப்போகிறோம் என்று தெரியாத அறுவைக்கு இன்னும் கூடுதலான சான்று கேட்பதே முறை.

மற்றவர்களிடம் சொல்லும்போது, வலியின் கடுமையை விவரிப்பதைவிடத் தேவையைச் சொல்வது பயன் தரும். "எனக்கு முழங்காலில் நாட்பட்ட வலி இருக்கிறது, நடக்க முடியும், ஆனால் படிக்கட்டில் அதிகம் இறங்க முடியாது, மின்தூக்கியில் வருகிறேன்" என்று சொன்னால் போதும். நோயின் பெயரைக் கேட்டால், மருத்துவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. தூக்கம் கெட்டுப்போய், பிடித்தவற்றிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் நீடித்தால், அதையும் முழங்காலைப் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் வலியைக் கூட்டுகின்றன. அவற்றுக்குச் சிகிச்சை பெறுவதால் உங்கள் வலி கற்பனை என்று ஆகிவிடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒரு வாரம் குறிப்பேடு எழுதி, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்க முடிந்த படிகள் கூடியிருந்தால் பயிற்சியின் அளவை ஒரு படி ஏற்றுங்கள். மாற்றமே இல்லையென்றால், அல்லது வீக்கம், காலை விறைப்பு, இரவு வலி, வேறொரு மூட்டில் வலி என்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தால், இரண்டு பதிவுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பச் சென்று, தொடக்கத்திலிருந்து ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.